கத்தி வைப்பதற்கு முன்னால் கை வைத்துப் பார்த்த விவரம்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் தரையில் குப்புறப் படுத்த நிலையில், தலையை முடிந்தவரை தூக்கி, வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். இங்கே என் முதுகு நீங்கலாக எல்லோரும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் அவரவர் முதுகுகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நன்றாக இருக்கும்வரை முதுகை யாரும் நலம் விசாரிப்பதில்லை. நானும் விசாரித்ததில்லை. அதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

சொல்வது நான், எழுதுவது உங்கள் தங்கை. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை யாரோ கம்பியைக் காய்ச்சி இழுப்பதுபோல் இருக்கிறது. நின்றுகொண்டு எழுதலாம் என்றால் நிற்பதற்கும் அதே முதுகுதான் வேண்டியிருக்கிறது. ஆகவே நான் படுத்துக்கொண்டு சொல்கிறேன், அவள் என் கால்மாட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறாள். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூடவோ குறையவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். அட்டையை எதன்மேல் வைப்பது என்று தேடியவள், "உங்க முதுகு மேல வெச்சுக்கட்டுமா, சும்மாத்தானே கெடக்கு" என்றாள். இதை எழுதாதே. எழுதாதேன்னா எழுதாதே. என்ன, இன்னும் பேனா ஓடுது? சரி, தொலையட்டும்.

நீங்கள் ஓயாமல் போன் செய்வதும் நான் எடுக்காமல் இருப்பதும் மரியாதைக் குறைவினால் அல்ல. போனில் நான் முதல் வாக்கியத்தை ஆரம்பிக்கும்போதே "அட இருங்க மாப்பிள்ளை, நான் சொல்றதைக் கேளுங்க" என்று குறுக்கே பாய்வீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. உங்கள் வீட்டில் பெண் எடுத்த இத்தனை வருஷத்தில் நான் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்கப் போவது இதுவே முதல் தடவை. தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குக் குறித்த காலையில் மயக்க மருந்து டாக்டர் வந்து பார்த்தபோது கட்டிலில் போர்வை மட்டும் இருந்தது, நான் இல்லை என்று உங்களுக்குத் தகவல் வந்திருக்கும். உண்மைதான். அந்த ஆபரேஷன் டாக்டர் உங்கள் மேலதிகாரிக்குச் சம்பந்தி என்பதும், அவரிடம் தேதி வாங்க நீங்கள் வாசலில் கைகட்டி நின்றதும் எனக்குத் தெரியும். உங்கள் முகத்தில் கரி பூசிவிட்டேன். ஆபீஸில் நீங்கள் தலை நிமிர முடியாமல் இருப்பீர்கள். இங்கே நானும் தலை நிமிர முடியாமல்தான் இருக்கிறேன், காரணம் வேறு. ஆனால் நடந்ததை நீங்கள் என் வாயால் கேட்டால், "மாப்பிள்ளை செய்ததும் நியாயம்தான்" என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த வலி எப்படி வந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் மெத்தைக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. மெத்தை வாங்க வருகிறவர் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனால் வியாபாரம் ஆகாது. படுத்துப் பார்த்தால் பாதி ஆன மாதிரி. ஆனால் நாலு பேர் பார்க்கிற இடத்தில் படுக்க யாருக்கும் கூச்சம். அதனால் விற்கிறவன் முதலில் படுக்க வேண்டும். ஷூவைக் கழற்றிவிட்டு, கழுத்தில் கட்டிய டையோடு, கைகளை மார்பில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, "நான் வருஷக்கணக்கா இதுலதான் சார் தூங்கறேன், ஒரு நாள் முதுகு வலின்னு சொன்னதில்ல" என்று கூரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் துள்ளி எழுந்திருக்க வேண்டும். துள்ளுவதுதான் முக்கியம். வீட்டில் நான் தரையில், மடித்த போர்வைமேல் தூங்குகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். எங்கள் கடை மெத்தையை வாங்கும் வசதி எங்கள் கடையில் வேலை செய்கிற யாருக்கும் இல்லை. இப்படி விடிந்தால் அடைந்தால் படுத்துத் துள்ளி, படுத்துத் துள்ளி, உலகத்தில் ஓய்வெடுத்தே முதுகு போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்குக் கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி வந்தது. படுத்தேன். வசனத்தைச் சொன்னேன். துள்ள முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஏதோ பூட்டிக்கொண்டது. கையை ஊன்றினால் கண்ணில் பூச்சி பறக்கிறது. கத்தினால் வியாபாரமும் போகும், வேலையும் போகும். வேறு வழி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். "ஐயையோ, பேசிட்டு இருக்கும்போதே தூங்கிட்டாரு" என்றது அந்தப் பெண். "அப்படின்னா மெத்தை எப்படி இருக்கணும் பாரேன்" என்றான் அந்தப் பையன். அதையே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் போனதும் நான் உருண்டு, முழங்காலில் விழுந்து, தலையணை அடுக்கைப் பிடித்து எழுந்தேன். முதலாளி ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "யோவ், இத்தனை வருஷமா இது நமக்குத் தோணாமப் போச்சே! நாளைலேருந்து நீ வாயே தொறக்க வேண்டாம்யா, தூங்கு போதும்" என்றார்.

மறுநாள் முதல் என்னை வாசல் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெரிய கட்டிலில் போட்டார்கள். தலைக்கு மேல் பலகை: "முதுகுவலிக்கு விடை இங்கே." வெளியே தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், காய்கறிப் பையோடு போகிறவர்கள் எல்லோரும் நின்று என்னைப் பார்ப்பார்கள். ஒரு குழந்தை கண்ணாடியைத் தட்டி, "அம்மா, இந்த மாமா உசுரோட இருக்காரா?" என்று கேட்டது. எனக்கே அது தெரிய வேண்டியிருந்தது. உங்கள் தங்கை மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவள் வெளியே நின்று வெகுநேரம் பார்த்திருக்கிறாள். உள்ளே வந்ததும், "தூங்கறவர் கண்ணுல ஏங்க தண்ணி வருது?" என்றாள். ஏசி காற்று கண்ணில் பட்டது என்றேன். அவள் நம்பவில்லை. அன்றைக்குத்தான் உங்களுக்குப் போன் செய்தாள், நீங்களும் டாக்டர் வாசலுக்குப் போனீர்கள்.

டாக்டர் நல்லவர்தான். குறை சொல்லவில்லை. ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி, பேனாவால் காட்டி, "இங்க பாருங்க, ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும். உங்களுக்கு அது பிதுங்கி வெளிய வந்து நரம்பை அமுக்குது" என்றார். மெத்தை என்றுதான் சொன்னார், மச்சான். யாரிடம் வந்து என்ன சொல்கிறார் பாருங்கள். வாழ்நாள் முழுக்க ஊருக்கு உத்தரவாதம் கொடுத்தவனுக்கு உள்ளே இருந்ததே மட்டமான சரக்கு. அப்புறம் என் இடது பாதத்தை மேலே தூக்கச் சொன்னார், கட்டைவிரலை அசைக்கச் சொன்னார், பஞ்சால் தடவினார், "தள்ளிப்போடாதீங்க, போனா திரும்பி வராது" என்றார். எது போனால் எது திரும்பி வராது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே. "பயப்படாதீங்க, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பேர் நல்லா ஆயிடறாங்க" என்றார். உங்கள் தங்கை முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அந்தத் தொண்ணூற்றைந்து பேர் காதில் விழவே இல்லை. மிச்சம் ஐந்து பேர் மட்டும் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களுக்கும் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள், அவளுக்கும் முகம் மலர்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். கட்டிலில் கை வைத்ததுமே தெரிந்துவிட்டது, நடுவில் குழி விழுந்த நுரை மெத்தை, ஓரம் பிய்ந்து, வாரக்கணக்கில் திருப்பிப் போடாதது. நர்ஸிடம், "இதுல படுத்தா நல்ல முதுகும் கெட்டுப்போகுமே தாயி" என்றேன். "நல்ல முதுகோட இங்க யாரு சார் வர்றாங்க" என்று சொல்லிவிட்டு ஒரு அங்கியைக் கொடுத்தாள். முதுகு ஆபரேஷன் என்பதால் அங்கிக்குப் பின்பக்கம் திறப்பு. நியாயம்தான். ஆனால் திறப்பு முதுகோடு நிற்கவில்லை. கல்யாணம் காட்சி கண்டு, பிள்ளை குட்டி பெற்று, ஊரில் நாலு பேர் மதிக்க வாழ்ந்த மனிதன் ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று. பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர் சந்தோஷமாகப் படுத்திருந்தார். "மொத தடவைதான் சார் பயமா இருக்கும், அப்புறம் பழகிடும்" என்று ஆறுதல் சொன்னார். "உங்களுக்கு இது எத்தனையாவது?" என்று கேட்டேன். "எண்ணுறதையே விட்டுட்டேன்" என்றார். அதற்கப்புறம் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டால் ஆபரேஷனுக்கு முன்னால் தரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

காலையில் உங்கள் தங்கை ஏதோ காகிதம் கொடுக்கக் கீழே போயிருந்தாள். நர்ஸ், "ஒரு தடவை பாத்ரூம் போய்ட்டு வந்துடுங்க" என்றாள். போனேன். பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் மாடிப்படி. சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், ஓட வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. காற்று வாங்க ஒரு படி இறங்கினேன், இன்னும் கொஞ்சம் காற்று வேண்டியிருந்தது. வாசலில் வாடகைக் கார் நின்றது. பாத்ரூமுக்குப் போகும்போது கையோடு எடுத்திருந்த சட்டையை அங்கிமேல் மாட்டிக்கொண்டு ஏறிப் படுத்துவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் என் கோலத்தைப் பார்த்து, "முதுகா சார்? ஆபரேஷனா? அவசரப்பட்டுடாதீங்க" என்றார். கடவுளே ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவருடைய மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்தாராம். கைரோபிராக்டர் என்று ஒருவர் எலும்பைக் கையாலேயே நிமிர்த்துகிறாராம். கத்தி கிடையாது, ஊசி கிடையாது. "நாலு தடவை போனாங்க சார். எழுந்து நடந்து நேரா எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. இப்பவும் இருக்காங்க" என்றார். கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் அதைப் பொருட்படுத்தாமல் அங்கேயே விடச் சொன்னேன்.

இப்போது என் கட்சியைக் கேளுங்கள். உங்கள் வீட்டுக் கதவு இறங்கிப்போய்த் தரையில் உரசினால் எடுத்ததும் ரம்பத்தைக் கொண்டு அறுப்பீர்களா? கீலுக்கு எண்ணெய் விடுவீர்கள், திருகாணியை முடுக்குவீர்கள், தூக்கி மாட்டிப் பார்ப்பீர்கள். எதற்கும் வழிக்கு வராவிட்டால்தானே ரம்பம்? முதுகுக்கும் அதுதானே முறை? கை வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தி வைத்தால் கத்தி கோபித்துக்கொள்ளுமா? இந்த நியாயத்தை டாக்டரிடமே கேட்டிருக்கலாம். அவர் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு "சரிங்க டாக்டர்" தவிர வேறு வார்த்தை வருவதில்லை.

நிமிர்த்துகிறவர் (பெயர்ப்பலகையில் உள்ளது வாயில் நுழையாததால் வீட்டில் இப்படித்தான் சொல்கிறோம்) ஒரு துணி வெளுக்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். சுத்தமான அறை. மூலையில் ஒரு எலும்புக்கூடு தொங்குகிறது, அதன் முதுகு அவ்வளவு நேராக இருந்தது, பொறாமையாக இருந்தது. நடுவில் நீள பெஞ்சு, முகம் வைக்க ஒரு ஓட்டை. ஸ்பிரிங் கிடையாது, கெட்டி நுரை, நல்ல தையல். மனிதர் கேள்வியாகக் கேட்டார். கால் மரத்துப்போகிறதா, நடக்கும்போது பாதம் தட்டுகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா, படம் எடுத்தீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை என்றேன். "லேசா ஒரு பிடிப்பு, அவ்வளவுதாங்க" என்றேன். இது பொய் இல்லை மச்சான், தொழில் பழக்கம். கடையில் மெத்தையின் அடிப்பக்கத்தை யாருக்கும் புரட்டிக் காட்ட மாட்டோம். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "படம் பார்க்காம எலும்பைத் தொட மாட்டேன். இன்னிக்கு தசையை மட்டும் தளர்த்தி விடறேன்" என்று சொல்லி மெதுவாக அமுக்கிவிட்டார். அந்தக் கை இருக்கிறதே, என்னவென்று சொல்வது. அம்மா போன பிறகு யாரும் என் முதுகை அப்படித் தொட்டதில்லை. ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். தரையில் சொட்டியதை அவர் பார்த்திருப்பார், கேட்கவில்லை.

அன்று எழுந்து நின்றபோது வலி பாதிதான் இருந்தது. நடந்தே வீட்டுக்கு வந்தேன். வாசலில் உங்கள் தங்கை தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். மாடி மாடியாகத் தேடியிருக்கிறாள். "பொணம் வைக்கற ரூம் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தேங்க" என்று சொல்லி என்னை அடித்தாள். தோளில்தான் அடித்தாள், முதுகில் இல்லை. அடித்து முடித்துக் குனிந்து பார்த்தவள், "இடது கால் செருப்பு எங்க?" என்றாள். பார்த்தால் இல்லை. வழியில் எங்கேயோ விழுந்திருக்கிறது. பழைய செருப்பு, வார் தளர்ந்துபோனது. என்ன? புதுசா? இருக்கட்டும், புதுச் செருப்பும் விழும். இதை எழுத வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பிறர் மூலம் தெரிந்தால் வருத்தப்படுவீர்கள். மெத்தை விற்கிறவனுக்கே முதுகு போயிற்று என்று தெரிந்தால் முதலாளி என்னைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் அனுப்பிவிடுவார். அதனால் லீவுக்கு உறவில் ஒரு சாவு என்று சொல்லவேண்டி வந்தது. யார் என்று கேட்டார். அவசரத்தில் உங்கள் ஞாபகம்தான் வந்தது. முதலாளி மிகவும் துக்கப்பட்டு, "நல்ல மனுஷனுங்கதான்யா சீக்கிரம் போறாங்க" என்று சொல்லி, அக்காவுக்கு ஆறுதலாக ஒரு தலையணை கொடுத்தனுப்பினார். அது இங்கே பத்திரமாக இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு நீங்கள் எங்கள் கடைப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

இரண்டாம் முறை போனபோது உங்கள் தங்கையும் கூட வந்தாள். வந்தவள் சும்மா வந்தாளா? ஆஸ்பத்திரிப் படத்தைப் புடவைக் கடைப் பையில் மறைத்து எடுத்துவந்து அவர் கையில் நேராகக் கொடுத்துவிட்டாள். அவர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். வலது கால் துள்ளியது, இடது கால் மரியாதையாக இருந்தது. குதிகாலால் நடக்கச் சொன்னார். நடந்தேன், இடது பாதம் தரையில் சப் சப்பென்று அடித்தது. தரை ஈரமாக இருந்திருக்கலாம். அதன் பிறகு அவர் என்னைப் படுக்கச் சொல்லவே இல்லை. "உங்க மேல நான் கை வைக்க மாட்டேங்க" என்றார். இதிலிருந்து என்ன தெரிகிறது? கை வைக்க வேண்டிய அளவுக்குக்கூட ஒன்றுமில்லை என்றுதானே? வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து, என் கையைத் தானே பிடித்துப் படி இறக்கி, கார் பிடித்து ஏற்றிவிட்டார். எந்த வைத்தியர் இவ்வளவு மரியாதை செய்வார்? என்ன, டிரைவரிடம் ஞாபக மறதியாக ஆஸ்பத்திரிப் பெயரைச் சொல்லிவிட்டார். தெருமுனை திரும்பியதும் நான் திருத்தி வீட்டுக்கு விடச் சொன்னேன். உங்கள் தங்கை வழியெல்லாம் அந்தப் புடவைக் கடைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே மச்சான், ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வலியும் இப்போது முன்போல் இல்லை. இடது காலில் வலி என்பதே கிடையாது, அவ்வளவு குணம். டாக்டரிடம் நீங்களே ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள், நீங்கள் சொன்னால் எதுவும் எடுபடும். காய்ச்சல் என்று சொல்லுங்கள், வெளியூர் என்று சொல்லுங்கள். கோழை என்று மட்டும் சொல்லாதீர்கள். உண்மையில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கத்திக்குக்கூட இல்லை. கண்ணை மூடச் சொல்வார்கள், நான் மூடுவேன். நான் இத்தனை நாள் தூங்கினதெல்லாம் நடிப்பு, மச்சான். எழுந்திருக்கலாம் என்று தெரிந்து மூடின கண். அங்கே அப்படி இல்லையே. நான் எழுந்திருக்காமல் போனால் இவள் அந்த வராந்தாவில் தனியாக உட்கார்ந்து யாருக்குப் போன் செய்வாள்? என்னடி, எழுதறியா? மூக்கை உறிஞ்சற சத்தம்தான் கேக்குது. எழுது. முடிக்கப் போறேன்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும் தெரிவிக்கவும். நன்றாகப் படிக்கட்டும், நேராக உட்கார்ந்து படிக்கட்டும், கனமான எதையும் குனிந்து தூக்க வேண்டாம். நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் நீங்கள் காலமாகிவிட்டாலும் எங்கள் மனதில் நூறாண்டு வாழ வேண்டும் என்று தரையில் கிடந்தபடி வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை.

பின்குறிப்பு: அண்ணா, இது நான். மேலே இருப்பதெல்லாம் அவர் சொன்னது, இனிமேல் நான் எழுதுவது. விலாசம் எழுதுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நிமிர்த்துகிறவர் சொன்னது இதுதான். "ஆரம்பத்துலயே வந்திருந்தா என்னால ஏதாவது செஞ்சிருக்க முடியும்மா. கத்தியே இல்லாம எத்தனையோ பேருக்குச் சரியாயிருக்கு. இவருக்கு அந்தக் கட்டம் தாண்டிப் போச்சு. கால்ல பலம் போய்ட்டு இருக்கு. இதுல நான் கை வெச்சா தப்பு, நீங்க ஒத்திப்போட்டா அதைவிடப் பெரிய தப்பு." இவர் எதிரிலேயேதான் சொன்னார். இவரும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டிவிட்டுத்தான் காரில் ஏறினார்.

இடது காலில் வலியே கிடையாது என்று கடிதம் ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார், அது எப்படிப்பட்ட குணம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. கடிதம் முழுக்க அந்தப் பாதத்தை என் இடது கையில் பிடித்துக்கொண்டுதான் எழுதினேன். முதலில் தடவிக் கொடுத்தேன். அப்புறம் கிள்ளினேன். அப்புறம் நகத்தால் கீறினேன். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் பேனா முனையால் குத்த ஆரம்பித்தேன். பாதம் பூராவும் நீலப் புள்ளிகளாக ஆகிவிட்டது அண்ணா. ஒரு தடவைகூட அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது என்னால் முடியாமல் பேனாவை வைத்துவிட்டேன்.

அப்போது அவர் தலையைத் திருப்பாமலே, "என்ன, குத்தறதை நிறுத்திட்ட?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுதாங்க? வலிச்சுதா?" என்று கேட்டேன். எவ்வளவு ஆசையாகக் கேட்டேன் தெரியுமா.

"வலிக்கல. பீரோ கண்ணாடில பார்த்துட்டுதான் இருக்கேன். யாரோ காலை யாரோ குத்தற மாதிரி இருக்கு" என்றார்.

"எப்பலேருந்து பார்க்கறீங்க?"

"நீ கிள்ள ஆரம்பிச்சதுலேருந்து."

"அப்ப ஏங்க நிறுத்தாம இவ்வளவும் சொன்னீங்க?"

கண்ணாடியை விட்டு முகத்தைத் தரைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் சொன்னார், "பேசிட்டே இருந்தா எங்கயாவது ஒரு இடத்துல வலிக்கும்னு பார்த்தேன்."

அண்ணா, இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இப்போதே உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். வண்டிக்குச் சொல்லிவிட்டேன், ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வேஷ்டியை மாற்றிவிடச் சொன்னார், மாற்றிவிட்டேன். பாதத்தில் இருந்த மையைத் துடைத்துவிட்டேன், அதுவும் அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் டாக்டரைக் கூப்பிட்டு நாங்கள் வருகிறோம் என்று சொல்லுங்கள், மன்னிப்பு வேண்டுமானால் நான் நேரில் கேட்டுக்கொள்கிறேன். மயக்க மருந்து கொடுக்கும்வரை என்னை உள்ளே விடுவார்களா என்று இவர் உங்களைக் கேட்கச் சொல்கிறார். மற்ற எதை மறந்தாலும் அதை மட்டும் கேட்டுவிடுங்கள்.